தட்டைப்புழுக்களுக்குக் குடும்பம் வகுத்தவர்: ஆர்தர் லூஸ்

உயிரியல் பயிலும் நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஓர் உயிரினத்தின் அறிவியல் பெயரை முழுமையாக எழுதும்போது, அதன் பின்னால் ஒரு மனிதரின் பெயரும் ஓர் ஆண்டும் இடம்பெறும். அப்பெயரை முதன்முதலில் முறைப்படி வெளியிட்டவர் யார், எந்த ஆண்டில் என்பதற்கான அடையாளம் அது. தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனாலும், ஒட்டுண்ணியியல் பாடத்தைப் படித்த காலத்தில் ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. கல்லீரலில் வாழும் புழுக்களின் பக்கத்தைத் திறந்தால் லூஸ், 1899. சில பக்கங்கள் தள்ளிப் போனால் லூஸ், 1907. கொக்கிப்புழு எப்படி உடலுக்குள் நுழைகிறது என்று பார்த்தால் அங்கும் லூஸ்.

யார் இந்த லூஸ்? தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்தது வெறும் பெயர்ப் பட்டியல் அன்று. ஒரு மனிதரின் வெற்றியும் வீழ்ச்சியும் கலந்த கதை. அதில் மலாயாத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரைத் தொடும் ஒரு பகுதியும் உண்டு. அதைத்தான் இவ்வாண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

லைப்சிக்கில் ஒரு மாணவர்

ஆர்தர் லூஸ் 1861ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள கெம்னிட்ஸ் நகரில் பிறந்தார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் ருடால்ஃப் லாய்க்கார்ட். ஒட்டுண்ணியியலை ஒரு தனித்துறையாக வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் அவர். அந்நாளில் உலகின் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் அவரைத் தேடி லைப்சிக்குக்கு வந்தார்கள்.

லூஸ் மாணவராக இருந்த காலம் அத்துறையில் ஒரு பொற்காலம். ஆட்டின் கல்லீரலை அழிக்கும் பெரிய தட்டைப்புழுவை மேய்ப்பர்கள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர். 1758இல் லின்னேயஸ் அதற்கு ஃபாசியோலா ஹெப்பாட்டிக்கா என்று பெயரும் சூட்டிவிட்டார். ஆனால், அது ஆட்டின் உடலுக்குள் எப்படிப் போகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. 1880களின் தொடக்கத்தில் லைப்சிக்கில் லாய்க்கார்டும், ஆக்ஸ்ஃபோர்டில் அல்ஜெர்னன் தாமஸ் என்ற இளைஞரும் தனித்தனியே அந்தப் புதிரை விடுவித்தார்கள். புழுவின் முட்டை தண்ணீரில் பொரிகிறது. வெளிவரும் குஞ்சு ஒரு சிறிய நத்தைக்குள் புகுந்து, அங்கே பல உருமாற்றங்களை அடைந்து, பன்மடங்காகப் பெருகி வெளியேறி, புல்லில் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லை மேயும் ஆடு நோயை வாங்கிக்கொள்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்த ஆய்வுக்கூடத்தில்தான் லூஸ் தொழில் கற்றார். நத்தையை மறக்காதீர்கள், கதையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

ஒரே வீட்டில் குடியிருந்தால் உறவாகிவிடுமா?

இனி, வகைப்பாட்டுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டு உறிஞ்சிகளைக் கொண்ட தட்டைப்புழுக்களையெல்லாம் டிஸ்டோமம் என்னும் ஒரே பேரினத்தில் சேர்த்திருந்தார்கள். இரட்டை வாய் என்பது அதன் பொருள். உண்மையில் அவ்விரண்டில் ஒன்றுதான் வாய். மற்றொன்று புழு தன்னைப் பற்றி நிறுத்திக்கொள்ளும் ஒட்டுறுப்பு. அடுத்த நூறு ஆண்டுகளில் மீன், தவளை, பறவை, வௌவால், ஆமை, மனிதன் என எந்த உயிரை அறுத்துப் பார்த்தாலும் கிடைத்த புழுக்கள் இந்த ஒரே மூட்டையில் போய் விழுந்தன. டிஸ்டோமம் என்ற பெயர், இரண்டு உறிஞ்சிகள் உண்டு என்பதற்கு மேல் எதையும் சொல்லாத பெயராகிவிட்டது.

1890களில் அந்த மூட்டையைப் பலர் பிரிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் லூஸ் முன்னணியில் இருந்தார். 1894இல் மீன்களிலும் தவளைகளிலும் வாழும் டிஸ்டோமங்களைப் பற்றிய பெரிய ஆய்வை வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே அவர் எகிப்துக்குப் பயணமாகியிருந்தார். நைல் ஆற்றின் மீன்களும் பறவைகளும் ஆமைகளும் அவருக்குப் புழுக்களை அள்ளித் தந்தன. 1899இல், எகிப்தின் தட்டைப்புழுக்களை விவரிக்கும் நூலளவான ஆய்வுரையில், டிஸ்டோமத்தை இயற்கையான உறவின்படி பிரிக்கும் முயற்சியையும் சேர்த்து வெளியிட்டார். அவ்வாய்வின் தலைப்பிலேயே இந்த நோக்கம் சொல்லப்பட்டிருந்தது.

அவர் கையாண்ட முறை எளிமையானது. ஆனால், கடும் உழைப்பைக் கேட்பது. புழு எவ்வளவு நீளம், எந்த விலங்கில் கிடைத்தது, எந்த உறுப்பில் குடியிருந்தது என்பவற்றைக் கொண்டு உறவை முடிவு செய்யக்கூடாது. உள்ளே பார்க்க வேண்டும். விந்தகங்கள் எங்கே இருக்கின்றன? அவற்றின் வடிவம் என்ன? சூலகம் அவற்றுக்கு முன்னே உள்ளதா, பின்னேயா? கருப்பை எந்தப் பக்கம் சுருண்டு செல்கிறது? குடல் கிளைத்திருக்கிறதா? கழிவு நீக்கும் நாளங்கள் எப்படி ஓடுகின்றன? இவை அனைத்தும் ஒன்றுபட்டு நின்றால்தான் உறவு என்று சொல்லலாம்.

இம்முறையை நமக்குத் தெரிந்த கல்லீரல் தட்டைப்புழுக்களில் பொருத்திப் பார்த்தால் அதன் வலிமை விளங்கும். ஆட்டின் பெரிய புழுவான ஃபாசியோலா ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ளது, இலை போன்றது, குடலும் விந்தகங்களும் மரக்கிளைபோல் விரிந்தவை. அதே ஆட்டின் அதே பித்தநாளத்தில் ஈட்டிமுனை வடிவில் டிக்ரோசீலியம் என்ற சிறிய புழுவும் வாழ்கிறது. அதன் விந்தகங்கள் உடலின் முன்பகுதியில், சூலகத்துக்கு முன்னால் அமைந்தவை. பூனையிலும் மனிதரிலும் வாழும் ஒப்பிஸ்தோர்க்கிஸ் புழுவிலோ விந்தகங்கள் உடலின் கடைக்கோடியில், சூலகத்துக்குப் பின்னால் கிடக்கின்றன. பின்விந்தகம் என்பதே அப்பெயரின் பொருள். அப்பெயரை 1895இல் பிளான்ஷார் என்ற பிரெஞ்சு அறிஞர் வைத்திருந்தார்.

மூன்றும் வாழ்வது கல்லீரலில்தான். ஆனால், ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் எல்லாரும் உறவினர்கள் அல்லர். அடுக்குமாடியில் வாழும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை! ஃபாசியோலா தனக்கென ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. மற்ற இரண்டும் ஒப்பிஸ்தோர்க்கிடே, டிக்ரோசீலிடே என்னும் வேறு இரண்டு குடும்பங்கள். இவ்விரண்டின் பெயர்களுக்கும் பின்னால் இன்றுவரை லூஸ், 1899 என்றே எழுதப்படுகிறது. அவர் அவற்றை முதலில் துணைக்குடும்பங்களாகத்தான் வகுத்தார். பின்வந்தோர் குடும்ப நிலைக்கு உயர்த்தினாலும், பெயரிடும் விதிப்படி அப்பெருமை முதலில் வகுத்தவருக்கே சேர்கிறது.

புழுக்களைக் குடும்பம் பிரித்து என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். பயன் நோயாளியின் படுக்கையருகே தெரிகிறது. ஃபாசியோலா நீர்த்தாவரங்களின் வழியே மனிதருக்குத் தொற்றுகிறது. ஒப்பிஸ்தோர்க்கிடே குடும்பத்துப் புழுக்களோ சமைக்காத நன்னீர் மீனின் வழியே தொற்றுகின்றன. டிக்ரோசீலியத்தின் பயணத்தில் எறும்பு ஒரு கட்டமாக வருகிறது. ஒப்பிஸ்தோர்க்கிஸைக் கொல்லும் பிராசிகுவாண்டல் மருந்து ஃபாசியோலாவிடம் பலிப்பதில்லை. அதற்கு டிரைகிளாபெண்டசோல் வேண்டும். கல்லீரல் புழு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஒரு மருத்துவர் மருந்தெழுத முடியாது. எந்தக் குடும்பம் என்று அவர் கேட்டாக வேண்டும்.

கையில் சிந்திய துளி

எகிப்தில் லூஸ் பல ஆண்டுகள் தங்கினார். கெய்ரோவிலிருந்த அரசு மருத்துவக் கல்லூரியில் ஒட்டுண்ணியியல் பேராசிரியராகப் பணியாற்றினார். அங்கு அவர் கவனத்தை ஈர்த்த இன்னொரு புழு, சிறுகுடலில் தொங்கி இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு. இது தட்டைப்புழு அன்று, உருளைப்புழு வகை. அழுக்கான கையாலும் உணவாலும் நீராலும் இதன் இளம்புழுக்கள் வாய்வழியே செல்கின்றன என்பதே அன்றைய நம்பிக்கை.

ஒரு நாள், இளம்புழுக்கள் நிறைந்த நீரைக் கினிப்பன்றிகளின் வாயில் துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு துளி லூஸின் கையில் சிந்தியது. சிறிது நேரத்தில் அந்த இடம் அரித்துச் சிவந்தது. வேறொருவராயிருந்தால் கையைக் கழுவிவிட்டு மறந்திருப்பார். லூஸ் மறக்கவில்லை. அந்தத் துளியை மறுபடி சோதித்தார். வெறும் தோல்கள் மட்டும் கிடந்தன, புழுக்கள் இல்லை. அவை எங்கே போயிருக்கும்? அன்றிலிருந்து தம் மலத்தைத் தாமே சோதித்து வந்தார். சில வாரங்களுக்குப் பின் அதில் கொக்கிப்புழுவின் முட்டைகள் தென்பட்டன. 1898இல் இச்செய்தியை வெளியிட்டார்.

பலர் நம்பவில்லை. அவர் மேலும் சான்று தேடினார். கால் அகற்றப்படவிருந்த ஒரு சிறுவனின் காலில், அறுவைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் இளம்புழு நீரை வைத்தார். பின்னர், அகற்றப்பட்ட காலின் தோலைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, மயிர்க்கால்களின் வழியே புழுக்கள் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன. இன்றைய ஆய்வு அறநெறிக் குழு எதுவும் இத்தகைய சோதனைக்கு எளிதில் ஒப்புதல் தராது. அதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. தோலிலிருந்து இரத்தம், இதயம், நுரையீரல், மூச்சுக்குழல், தொண்டை, பிறகு குடல் என்று அப்புழு சுற்றிச் செல்லும் நெடும்பாதையை நாய்களில் அவர் படிப்படியாகக் கண்டறிந்தார். அவருடைய பெரும் ஆய்வுநூல் 1905இலும் 1911இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது.

இந்த இடத்தில்தான் நம் முன்னோர் கதைக்குள் வருகிறார்கள். கொக்கிப்புழு வாய்வழியே மட்டும் வருவதானால், கை கழுவு என்று தொழிலாளிக்கு அறிவுரை சொன்னால் போதும்; குற்றம் முழுவதும் அவன்மேல்தான். வெறுங்காலின் வழியே வருமானால் கேள்வி திரும்பிவிடுகிறது. தொழிலாளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தது யார்? காலுக்குச் செருப்பு எங்கே? 1902இல் அசாம் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களின் கால்களில் வரும் சேற்றுப்புண்ணுக்கும் இந்த இளம்புழுக்களுக்கும் உள்ள தொடர்பை பென்ட்லி என்ற மருத்துவர் காட்டினார். 1916இல் இலங்கைத் தோட்டங்களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் இதே புழுதான் மலேரியாவோடு சேர்ந்துகொண்டு தமிழ்த் தொழிலாளர்களின் இரத்தத்தை உறிஞ்சியது. விடியற்காலையில் ஈர மண்ணில் வெறுங்காலோடு பால்மரம் வெட்டப் போனவர்கள் அவர்கள். என் பாட்டி சிறுமியாக இருந்தபோது, தோட்டத்து டிரெஸ்ஸர் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்த பூச்சி மருந்தின் கசப்பைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வரிசைக்குப் பின்னால் கெய்ரோவில் சிந்திய ஒரு துளி இருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

ஒன்றை இரண்டாக்கியதும் இரண்டை ஒன்றாக்கியதும்

இவ்வளவு கூரிய கண் படைத்தவர் தவறே செய்யவில்லையா? செய்தார், ஒன்றன்று, இரண்டு.

முதலாவது கல்லீரல் புழுவைப் பற்றியது. 1874இல் கல்கத்தாவில், இறந்துபோன ஒரு சீனத் தச்சரின் பித்தநாளங்களில் புதுவகைப் புழுக்களை மெக்கானல் என்ற மருத்துவர் கண்டார். மறு ஆண்டே அதற்கு, சீனத்தைக் குறிக்கும் சினென்சே என்ற பெயரைக் காபல்ட் சூட்டினார். டிஸ்டோமம் என்ற பழைய மூட்டையில்தான் அதுவும் அப்போது போடப்பட்டது. 1907இல் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் அருங்காட்சியகத்திலிருந்த புழுக்களை ஆராய்ந்த லூஸ், இதன் விந்தகங்கள் கிளைகிளையாகப் பிரிந்திருப்பதைக் கண்டு, ஒப்பிஸ்தோர்க்கிஸிலிருந்து பிரித்து குளோனோர்க்கிஸ் என்ற புதிய பேரினத்தை ஏற்படுத்தினார். கிளைத்த விந்தகம் என்று பொருள். அப்பேரினம் இன்றும் நிற்கிறது. ஆனால், அவர் அதோடு நிற்காமல், பெரியது ஒன்று, சிறியது ஒன்று என அதனுள் இரண்டு சிற்றினங்களையும் வகுத்தார். இரண்டும் ஒன்றே என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் பின்னர் நிறுவினார்கள். வெளி அளவை நம்பாதே என்று மற்றவர்களுக்குக் காட்டியவரை, அளவே ஏமாற்றிவிட்டது.

இரண்டாவது தவறு பெரியது. அவர் எகிப்துக்குப் போனதே பில்ஹார்சியா நோயை ஆராயத்தான். இரத்தக்குழாய்களில் வாழும் அப்புழுவை 1851இல் தியோடர் பில்ஹார்ஸ் அதே கெய்ரோவில் கண்டுபிடித்திருந்தார். நோயாளிகளிடம் இரண்டு வகை முட்டைகள் காணப்பட்டன. சிறுநீரில் வருபவற்றுக்கு முனையில் முள்; மலத்தில் வருபவற்றுக்குப் பக்கவாட்டில் முள். இவை இரண்டு வேறு புழுக்களின் முட்டைகளாக இருக்கலாம் என்று மான்சன் கருதினார். 1907இல் சாம்பன் இரண்டாவதற்குத் தனிப்பெயரும் கொடுத்தார். லூஸ் சீறியெழுந்தார். புழு ஒன்றுதான், பக்கமுள் முட்டை இயல்பு மாறியது என்று வாதிட்டார். பல ஆண்டு எகிப்து அனுபவம் அவர் பக்கம் இருந்தது. அத்துறையில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பைக் கண்டு பலரும் தயங்கினார்கள்.

அதோடு, நோய் பரவும் வழியிலும் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எகிப்தின் நத்தைகளைப் பல காலம் தேடிச் சோதித்தும் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே, இந்தப் புழுவுக்கு நத்தையே தேவையில்லை, முட்டையிலிருந்து வரும் குஞ்சு நேரடியாக மனிதத் தோலைத் துளைத்து நுழைகிறது என்றார். லாய்க்கார்டின் மாணவர், நத்தையின் கதை எழுதப்பட்ட ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவர், நத்தையைக் கைவிட்டார்! கொக்கிப்புழுவில் கிடைத்த வெற்றி அவர் கண்ணை மறைத்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. தோலைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான்; அதற்கு முன்னால் இருந்த ஒரு படியை அவர் விட்டுவிட்டார்.

1913இல் ஜப்பானில் மியாயிரியும் சுசுக்கியும் அந்நாட்டுப் பில்ஹார்சியாவின் நத்தையைக் கண்டுபிடித்தார்கள். 1915இல் பிரிட்டிஷ் இராணுவத்துக்காக எகிப்து வந்த லைப்பர், கெய்ரோவுக்கு அருகிலுள்ள எல் மார்க் என்ற சிற்றூரின் நீர்நிலைகளில் விடையைக் கண்டார். இரண்டு வெவ்வேறு நத்தைகள். அவற்றிலிருந்து வந்தவை இரண்டு வெவ்வேறு புழுக்கள். சாம்பன் சொன்னதே சரி.

ஒன்றாக இருந்ததை இரண்டாக்கியவர், இரண்டாக இருந்ததை ஒன்றாக்கியிருந்தார்.

இறுதி ஆண்டுகள்

லைப்பர் எகிப்துக்கு வந்தபோது லூஸ் அங்கு இல்லை. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும், பிரிட்டிஷ் ஆதிக்கத்திலிருந்த எகிப்தில் ஜெர்மானியரான அவருக்கு இடமில்லாமல் போயிற்று. ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்பின் களத்தை இழந்து தாய்நாட்டில் வாழ்ந்தார். 1923ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கீசன் நகரில் தம் 62ஆம் வயதில் காலமானார்.

அவர் வகுத்த ஒப்பிஸ்தோர்க்கிடே குடும்பத்தின் முழு முக்கியத்துவம் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிப்பட்டது. நமக்கு அண்டை நாடான தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியிலும் லாவோசிலும், பச்சை மீன் உணவின் வழியே பரவும் ஒப்பிஸ்தோர்க்கிஸ் விவெரினி, பித்தநாளப் புற்றுநோய்க்குக் காரணம் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் அறிவித்தது. குளோனோர்க்கிஸும் 2009இல் அதே பட்டியலில் சேர்ந்தது. சோதனைக்கூடத்துப் பெயர்ப்பலகை போலத் தோன்றிய ஒரு குடும்பப் பெயர், இன்று பல கிராமங்களின் உயிர்ப் பிரச்சினை.

அவர் வகுத்ததும் இறுதியானது அன்று. அண்மைக்கால மரபணு ஆய்வுகள், ஒப்பிஸ்தோர்க்கிடே குடும்பத்துக்கும் அதன் அண்டைக் குடும்பமான ஹெட்டிரோஃபையிடேவுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டைக் கேள்விக்குள்ளாக்கியுள்ளன. நாளை அந்தக் கோடு இடம்மாறலாம்.

நண்பர்களே, நாமும் ஆய்வேடு எழுதுகிறோம், எழுதப் போகிறோம். நம் துறை புழுவாக இருக்கலாம், இலக்கணமாக இருக்கலாம், கணினியாக இருக்கலாம். லூஸின் வாழ்க்கையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது அவருடைய வெற்றியன்று, அவர் தவறுகள் திருத்தப்பட்ட விதம். அவர் நுணுக்கமாக வரைந்து விவரித்து வைத்தமையால்தான் குளோனோர்க்கிஸின் இரண்டு சிற்றினங்களையும் ஒப்பிட்டு, அவை ஒன்றே என்று மற்றவர்கள் காட்ட முடிந்தது. பில்ஹார்சியாவிலோ அவர் ஆதாரத்தைவிடத் தம் அனுபவத்தை முன்னிறுத்தினார். அதனால் உண்மை சில ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அந்த ஆண்டுகளில் நைல் கரையில் கால்வாயில் இறங்கிய உழவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போதுதான், ஓர் அறிஞரின் பிடிவாதம் அவரோடு மட்டும் முடிந்துவிடுவதில்லை என்பது புரிகிறது.

அடுத்த முறை ஓர் உயிரினத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதரின் பெயரும் ஆண்டும் இருப்பதைக் கண்டால், ஒரு நிமிடம் நின்று அவர் யாரென்று தேடிப் பாருங்கள். நூலகத்தில் அதற்கான வசதி நமக்கு நிறையவே இருக்கிறது.